நீரைவிட்டு எழும்பிய பாய்மரப் படகு

'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று பேருந்துகளில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே இந்தச் சோதனையைப் பேருந்தில் செய்யாமல், ஓடும் வாய்க்காலில் செய்து பாருங்கள். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கை கீழே பார்க்க, கையை நீருக்குள் கிடையாக அமிழ்த்துங்கள். விரல் நுனிகள் நீர் வரும் திசையை நோக்கியிருக்கட்டும். நுனிகளைச் சிறிது உயர்த்தினால் கை மேலே தூக்கப்படும். தாழ்த்தினால் அடியை நோக்கி இழுக்கப்படும். விமானத்தின் இறக்கைக்குக் காற்று செய்யும் அதே வேலையை இங்கே நீர் உங்கள் கைக்குச் செய்கிறது. நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி மிக்கது. ஆதலால் சிறியதொரு இறக்கையே ஒரு படகைத் தூக்கிவிடப் போதும்.

படகின் அடியில் பொருத்தப்படும் இத்தகைய இறக்கையை ஹைட்ரோபாயில் என்பர். நாம் நீர்ச்சிறகு என்று அழைப்போம். படகு வேகமெடுத்ததும் அதன் உடல் முழுவதும் நீரைவிட்டு எழும்பிவிடுகிறது. சிறகுகள் மட்டும் நீருக்குள் இருக்கின்றன. அலைகளைப் பிளந்து செல்லும் வீண் உழைப்பு மிச்சமாகிறது.

இத்தாலியரான என்ரிகோ போர்லானினி 1906ஆம் ஆண்டில் மஜோரே ஏரியில் தம் இயந்திரப் படகை இவ்வாறு எழுப்பி, மணிக்குச் சுமார் 68 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். தொலைபேசியால் புகழ்பெற்ற கிரகாம் பெல்லும் அவருடைய துணைவர் கேசி பால்டுவினும் கனடாவில் உருவாக்கிய எச்.டி.-4 என்ற படகு, 1919 செப்டம்பரில் மணிக்கு 114 கி.மீ. வேகத்தை எட்டியது. நீரின்மேல் அதுவரை எவரும் எட்டாத வேகம் அது.

அப்படியானால் பாய்மரப் படகில் இதைப் பொருத்துவதில் என்ன கடினம் என்று கேட்பீர்கள். தூக்குவது கடினமன்று, தூக்கிய உயரத்தில் நிறுத்தி வைப்பதுதான் கடினம்.

வேகம் இருமடங்கானால் சிறகின் தூக்குவிசை நான்கு மடங்காகும். ஆனால் படகின் எடை மாறுவதில்லை. எனவே வேகம் கூடக்கூடப் படகு மேன்மேலும் எழும்பும். சிறகு நீர்மட்டத்தை நெருங்கியதும் மேலிருந்து காற்று அதன் முதுகின்மேல் உறிஞ்சப்படும். உடனே தூக்குவிசை குலைந்து, படகு தொப்பென்று விழும். இயந்திரப் படகிலாவது விசையைக் குறைத்துச் சமாளிக்கலாம். பாய்மரப் படகின் விசையோ காற்றின் கையில் இருக்கிறது! ஒரு கணம் வீசும், மறுகணம் ஓயும். அது போதாதென்று, அந்த விசை பாயின் உயரமான இடத்தில், பெரும்பாலும் பக்கவாட்டில் தாக்குகிறது. ஆதலால் படகு ஒரு பக்கமாகச் சாய முயலும். மூக்கு நீருக்குள் குத்தவும் முயலும். படகு எழும்பி நிற்கும்போது நெம்புகோலின் கரம் நீண்டுவிடுவதால் இந்த ஆபத்து இன்னும் மிகுதி.

ஆரம்பகால அமைப்பாளர்கள் கண்ட வழி எளிமையானது, அழகானதுங்கூட. போர்லானினியும் பெல்லும் சிறகுகளை ஏணிப்படிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர். படகு எழும்ப எழும்ப மேற்படிகள் நீரைவிட்டு வெளியேறும், நீருக்குள் இருக்கும் பரப்பு குறையும், தூக்குவிசையும் குறையும். எடைக்குச் சமமான உயரத்தில் படகு தானாகவே நின்றுவிடும். ஏணிக்குப் பதிலாகச் சாய்வான சிறகுகளை இருபுறமும் வைத்தாலும் இதே பயன் கிட்டும். இன்னொரு நன்மையும் உண்டு. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கச் சிறகு அதிகமாக அமிழ்ந்து அதை நிமிர்த்திவிடும்.

அமெரிக்காவில் விமானப் பொறியாளராக இருந்த இராபர்ட் கில்ரூத், 1930களின் இறுதியில் 12 அடி நீளமுள்ள இரட்டை உடல் பாய்மரப் படகொன்றைச் சிறகின்மேல் எழுப்பினார். (இத்தகைய படகுகளை ஆங்கிலேயர் 'கேட்டமரான்' என்பர். சொல் நம் கட்டுமரந்தான், பொருள்தான் மாறிப்போயிற்று.) 1969இல் மனிதன் நிலவில் இறங்கியபோது மனித விண்கல மையத்தின் தலைவராக இருந்தவரும் இதே கில்ரூத்தான். 1950களில் கார்டன் பேக்கர் என்பவர் அமெரிக்கக் கடற்படையின் ஆதரவில் 'மானிட்டர்' என்ற படகை ஏணிச் சிறகுகளோடு அமைத்தார். அது மணிக்குச் சுமார் 56 கி.மீ. வேகத்தை எட்டியது.

ஆனால் ஏணிக்கும் சாய்வுச் சிறகுக்கும் ஒரு குறை உண்டு. நீர்மட்டத்தை வெட்டிச் செல்வதால் அவை காற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நீரைச் சிதறடித்து ஆற்றலையும் விரயமாக்குகின்றன. முழுவதும் அமிழ்ந்த சிறகே சிறந்தது. எனினும் அதற்குத் தன் உயரம் தெரியாது! நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று யாரேனும் அதற்குச் சொல்லியாக வேண்டும். 1940களில் கிறிஸ்டோபர் ஹுக் என்ற ஆங்கிலேயர் இயந்திரப் படகின் முன்னே நீர்மட்டத்தைத் தடவிச் செல்லும் 'உணர்கொம்புகளை' நீட்டி, அவற்றால் சிறகின் சாய்வை மாற்றினார்.

இந்த எண்ணம் முழுப் பயனையும் தந்தது பெரிய கப்பலில் அன்று. மிகச் சிறிய படகொன்றில். 1928இல் ஆஸ்திரேலியாவில் லென் மோரிஸ் என்பவர் தொடங்கிவைத்த 'மாத்' வகைப் படகு 11 அடி நீளமே உள்ளது. ஒருவர் மட்டுமே ஓட்டுவது. நீளம், பாயின் பரப்பு போன்ற சில எல்லைகளுக்குள் யார் எப்படி வேண்டுமானாலும் அமைக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: படகுக்கு ஓர் உடல்தான் இருக்கவேண்டும்.

2001இல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகப் போட்டியில் பிரெட் பர்வில் இருபுறமும் சாய்வுச் சிறகுகள் பொருத்திய மாத் படகை ஓட்டி, ஒரு பந்தயத்தில் முதலாவதாக வந்தார். சர்ச்சை எழுந்தது. இருபுறமும் நீரில் ஊன்றி நிற்பது பல உடல் படகுக்குச் சமம் அல்லவா? ஆம் என்று முடிவுசெய்து, அந்த அமைப்பை விலக்கிவிட்டனர். வெற்றி பெற்றவருக்கு இது கசந்திருக்கும். எனினும் அந்த முடிவு நியாயமற்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மற்றொரு வழி திறந்தே இருந்தது. சிட்னியில் இயான் வார்டு சிறகுகளைப் படகின் நடுக்கோட்டிலேயே வைத்துச் சோதித்திருந்தார். பெர்த் நகரில் கார்த் இலெட், ஜான் இலெட் ஆகியோர் அதை முழுமையாக்கினர். நடுப்பலகையின் அடியில் ஒரு சிறகு, சுக்கானின் அடியில் ஒரு சிறகு. இரண்டும் தலைகீழ் 'டி' எழுத்தின் வடிவில் இருக்கும். முன்சிறகின் பின்விளிம்பில் கதவுபோல் அசையும் மடல் ஒன்று உண்டு. படகின் மூக்கிலிருந்து ஒரு மெல்லிய கோல் நீரில் இழுபட்டுச் செல்கிறது. படகு தாழ்ந்திருந்தால் நீர் அந்தக் கோலைப் பின்னே தள்ளும், இணைப்புக் கம்பி மடலைக் கீழே சாய்க்கும், தூக்குவிசை கூடும். படகு எழும்பினால் கோல் செங்குத்தாகத் தொங்கும், மடல் மேலே திரும்பும், தூக்குவிசை குறையும். மின்சாரமும் வேண்டாம், கணிப்பொறியும் வேண்டாம்!

உயரத்தைக் கோல் பார்த்துக்கொள்கிறது. பக்கச் சாய்வை யார் பார்ப்பது? இரண்டு சிறகுகளும் ஒரே கோட்டில் இருப்பதால் இப்படகு சைக்கிளைப் போன்றது. ஓட்டுபவர்தான் தம் உடல் எடையால் அதை நிமிர்த்த வேண்டும். பழைய படகுகள் காற்றுக்கு ஒதுங்கிச் சாயும். இதில் பழகியவர்களோ படகைக் காற்று வரும் பக்கமே சாய்த்து ஓட்டுகிறார்கள்; அப்போது அவர்களுடைய எடைக்கு நெம்புபலம் கூடுகிறது.

2005இல் மெல்போர்ன் உலகப் போட்டியில் ரோஹன் வீல் இத்தகைய படகில் வாகை சூடினார். 2013இல் அமெரிக்கக் கோப்பைப் போட்டியின் 72 அடிப் படகுகளும் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவில் சிறகின்மேல் பறந்தன. மாத் படகோட்டிகள் அலையைப் பார்த்துக் கோலின் நீளத்தை முடிவுசெய்கிறார்கள். அலை பெரிதானால் படகு உயர்ந்து செல்வதற்குக் கோலைச் சற்று நீட்டுவார்கள். அமைதியான நீரானால் குறைப்பார்கள்.