ஐடா ஸ்கடர் சாலை

வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்துள்ள வீதிக்கு ஐடா ஸ்கடர் சாலை என்று பெயர். நோயுற்றோரும் அவர்தம் சுற்றத்தாரும் நாள்தோறும் அதனைக் கடக்கின்றனர். அப்பெயருக்குரியவரை நினைக்க அவர்களுக்கு அவகாசம் ஏது?

அம்மையார் 1870-இல் இராணிப்பேட்டையில் மிஷனெரிக் குடும்பமொன்றில் பிறந்தவர். மிஷனெரி வாழ்வை விரும்பாதிருந்த அவர், ஆண் மருத்துவரை அனுமதியாத வழக்கத்தால் திண்டிவனத்தில் ஓரிரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டது கண்டு மனம் மாறிய வரலாறு நம் பிரசங்க பீடங்களில் பலகாலும் கூறப்படுவதே. அவ்விரவோடு நாம் நிறுத்திக்கொள்வது பெருங்குறை.

1899-இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1902-இல் 40 படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். அங்கு வர இயலாதோரை அவரே தேடிச் சென்றார். குடியாத்தம் செல்லும் சாலையில் வாரந்தோறும் குறித்த மரநிழல்களில் வண்டி நிற்கும். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, கட்டிகளுக்கு அறுவை யாவும் சாலையோரத்திலேயே! சாலைக்கு அவர் பெயர் பொருந்துவது இதனாலன்றோ?

1918-இல் பெண்களுக்கென அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளி, பட்டக் கல்லூரியாக உயர்ந்தாலன்றி நிலைக்காது என்ற நெருக்கடி பின்னர் வந்தது. ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற யோசனையை, பெண்களுக்காக நிதி திரட்டிய நெடுநாள் தோழி லூசி பீபாடி அம்மையார் வன்மையாக எதிர்த்தார். நட்பு முறிந்தது. ஆயினும் ஐடா அம்மையார் இணங்கினார். 1947-இல் ஆண் மாணவர் சேர்க்கப்பட்டனர்.