தட்டைத் துயிலச் சொல்வது யார்? சேமிப்புக் கட்டுப்படுத்தி இயக்கிகளும் யாழ்ப்பாணத்து மின்வெட்டும்

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. எந்த வலயத்துக்கு எப்போது மின்சாரம் நிற்கும் என்று எழுத்துக் குறியிட்ட அட்டவணைகளை இலங்கை மின்சார சபை வெளியிட்டது. பருத்தித்துறைக்காரரும் சாவகச்சேரிக்காரரும் தத்தம் எழுத்தைப் பார்த்து, நேரம் வருமுன் கணினியை அணைத்துவிட முடிந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் போனபோது யாருக்கும் அட்டவணை கிடைக்கவில்லை. மேசைக் கணினியின் வன்தட்டுக்கு இவை இரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள். அதைச் செலுத்தும் இயக்கி நிரல் இந்த வேறுபாட்டை எவ்வளவு மதிக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

லினக்ஸ் கேர்னலில் ஒரு சாதனம் உறங்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. கணினி ஓடிக்கொண்டிருக்க, வேலையற்ற சாதனம் மட்டும் தனியே உறங்குவது இயங்குநேர உறக்கம். இதற்கான பொதுச் சட்டகம் 2009 இறுதியில் வந்த 2.6.32 பதிப்பில் சேர்ந்தது. முழுக் கணினியும் ஒன்றாக உறங்குவது தொகுதி உறக்கம். வன்தட்டைப் பொறுத்தவரை இரண்டிலும் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றே: கேஷ் நினைவகத்தில் தேங்கியிருப்பதைத் தட்டில் எழுதவேண்டும், தேவையானால் சுழற்சியை நிறுத்தவேண்டும். வேலை ஒன்றாக இருப்பதால் அதிகாரத்தையும் ஒன்றாக்கிவிடலாம் என்ற எண்ணம் சாட்டா தட்டுகளுக்கும் மேலடுக்காக அமையும் ஸ்கசி அடுக்கில் நெடுங்காலம் இருந்தது. சுழற்சியைத் தொடக்கவும் நிறுத்தவும் அந்த அடுக்கின் வட்டு இயக்கிக்கு உரிமை உண்டா என்பதை ஒரேயொரு கொடி தீர்மானித்தது.

அந்தச் சிக்கனம் பொய்யானது என்பதே என் வாதம். செய்கை ஒன்றாயினும் எழுந்துவரும் வழி ஒன்றல்ல. இயங்குநேர உறக்கத்திலிருந்து எழும் தட்டுக்கு மேலேயுள்ள கட்டுப்படுத்தி ஏற்கெனவே விழித்திருக்கிறது அல்லது முறைப்படி முதலில் எழுப்பப்படுகிறது. தொகுதி உறக்கத்திலிருந்து எழும்போது சாட்டா இணைப்பு முழுவதும் மீளமைக்கப்படவேண்டும். அந்தப் பணி, கேர்னலில் சாட்டா தட்டுகளைக் கையாளும் லிபாட்டா நூலகத்தின் பிழைமீட்பு இழையில் நடக்கிறது. அதே வேளையில் மேலடுக்கான ஸ்கசி, 'சுழலத் தொடங்கு' என்ற கட்டளையை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து முடங்கிப்போகும்.

2023இல் லிபாட்டாவின் பராமரிப்பாளர் டேமியன் லெ மோல் இதைத் திருத்தியபோது அந்த ஒற்றைக் கொடியை இரண்டாகப் பிரித்தார். சாட்டா தட்டுகளின் தொகுதி உறக்கத்தை லிபாட்டா தானே பார்த்துக்கொள்ளும். இயங்குநேர உறக்கத்தை வட்டு இயக்கி பார்க்கும். பிரிவினை சரிதான். ஆனால் கணக்கில் ஒன்று விடுபட்டிருந்தது. கணினியை அணைப்பது உறக்கமல்ல, ஆனாலும் அப்போது தட்டை நிறுத்தும் வேலை தொகுதி உறக்கக் கொடியையே சார்ந்திருந்தது; சாட்டா தட்டுகளுக்கோ அந்தக் கொடி விலக்கப்பட்டிருந்தது. சுழன்றுகொண்டிருந்த தட்டின் மின்சாரம் அப்படியே அறுந்தது. முறைப்படி கணினியை அணைத்தவர்களின் தட்டுகளிலும் அவசரத் தலையிழுப்பு எண்ணிக்கை ஏறியது. அணைப்புக்கென மூன்றாவது கொடி பிறகு வந்தது.

அவசரத் தலையிழுப்பு என்பதைச் சற்று விளக்கவேண்டும். மின்சாரம் திடீரென அறுந்தால், சுழலும் தட்டின் உந்தத்தால் மோட்டரே மின்பிறப்பாக்கியாகிறது. அந்த மின்னில்தான் படிக்கும் தலைகள் ஒதுங்குகின்றன. தொண்ணூறுகளில் சைக்கிள் சில்லைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்ட யாழ்ப்பாணத்துக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தலைகள் தப்பினாலும், கேஷ் நினைவகத்தில் இருந்து தட்டில் ஏறாத எழுத்து தப்பாது.

இன்னொரு திருத்தம் அதே ஆண்டு இறுதியில் வந்தது. என் பார்வையில் மிகவும் பாடம் தருவது அதுதான். இயங்குநேரத்தில் ஏற்கெனவே உறங்கிவிட்ட தட்டை, தொகுதி உறங்கும்போது எழுப்பாமல் விடுவது நியாயம். உறங்கவைப்பதற்காக ஒருவரை எழுப்புவானேன்? ஆனால் தொகுதி விழிக்கையில் இணைப்பு மீளமைக்கப்படுவதால் சாட்டா தட்டு தானாகவே சுழலத் தொடங்கிவிடுகிறது. கேர்னலின் பதிவேட்டிலோ அது இன்னமும் உறங்குகிறது. பதிவேடு தன் கட்டளையை நம்பியது, தட்டைப் பார்க்கவில்லை. தொகுதி எழும்போது இத்தகைய தட்டின் இயங்குநேர நிலையையும் கட்டாயமாக எழுப்பிக் கணக்கை நேராக்குவதே தீர்வாயிற்று.

இனி யாழ்ப்பாணத்து நிலைமைக்கு வருவோம். நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து உறங்கும் முறை, யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் வெட்டு வந்ததும் அழிந்துபோகும். நினைவகத்தின் படிமத்தைத் தட்டில் எழுதிவிட்டு அணையும் ஆழ்துயில் தப்பும். ஆனால் அதற்கு, படிமம் எடுக்கையில் உறைந்து நின்ற சேமிப்புக் கட்டுப்படுத்தி மறுபடி எழுந்து எழுதியாகவேண்டும். மின்கலத்தில் ஓடும் இன்வேட்டருக்கு வேறொரு கணக்கு. 3.5 அங்குலத் தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் 12 வோல்ட் தடத்தில் ஏறத்தாழ 2 அம்பியர் இழுக்கும். சுழன்றபின் அதில் சிறு பங்கே போதும். ஆகவே மணிக்குப் பலமுறை நிறுத்தித் தொடக்குவது சிக்கனமாகாது, தட்டையும் தேய்க்கும்.

எனவே அட்டவணையில்லா மின்வெட்டுக்கு அஞ்சும் ஊரில் கேஷ் நினைவகம் விரைவில் காலியாகவேண்டும், சுழற்சி எளிதில் நிற்கக்கூடாது. கொடிகள் பிரிந்தபின் இது கூடிவருகிறது. இயங்குநேர உறக்கத்தை அனுமதித்து, அதற்கு அரை நிமிடக் காத்திருப்புக் கொடுத்து, இயங்குநேரச் சுழற்சி நிறுத்தத்தை மட்டும் விலக்கிவிட்டால், வேலையற்ற தட்டு தன் கேஷை எழுதிவிட்டுச் சுழன்றுகொண்டே இருக்கும். இயல்பில் இயங்குநேர உறக்கம் செயற்படாது, கேட்டால்தான் கிடைக்கும்.

ஆனால் அதே நிரலை மேலும் படித்தால் ஒரு முள் தட்டுப்படுகிறது. கணினி அணையும்போது, இயங்குநேரத்தில் உறங்குவதாகப் பதிவான தட்டை வட்டு இயக்கி தொடாமல் திரும்பிவிடுகிறது. மேலே சொன்ன அமைப்பில் அந்தத் தட்டு சுழன்றுகொண்டிருக்கும்; நிறுத்தக் கட்டளை போகாது. அணைப்புக்குச் சற்று முன் கோப்புமுறை கடைசியாக எழுதுவதால் தட்டு பெரும்பாலும் விழித்தே இருக்கும், அதனால் பிழை வெளியே தெரியாது. 'உறக்கம்' என்ற ஒரே நிலைச்சொல் 'கேஷ் காலி' என்பதையும் 'சுழற்சி நின்றது' என்பதையும் சுமக்கும்வரை இந்த ஓட்டை இருக்கும். இரண்டையும் தனித்தனியே பதிந்து, அணைப்பின்போது இரண்டாவதை மட்டும் கேட்கவேண்டும் என்பது என் முன்மொழிவு.