குடியும் போதையும் கதையாகும்போது: திரையில் பார்ப்பது எவ்வளவு உண்மை?

ஜவுளிக் கடைகளுக்குப் பெயர்போன ஊர் தங்காக். லேடாங் மலையடிவாரத்தில் இருக்கும் இந்த வட்டாரத்தைச் சுற்றிலும் ரப்பரும் செம்பனையும்தான். தோட்ட வாழ்க்கையை அனுபவித்த பெரியவர்களோடு பேசிப் பாருங்கள், பேச்சு எப்படியும் கள்ளுக்கடைப் பக்கம் ஒரு தடவையாவது போய்வரும். ஆனால் இன்றைய பிள்ளைகள் குடியையும் போதையையும் பற்றித் தெரிந்துகொள்வது பெரும்பாலும் சினிமாவிலும் தொலைக்காட்சித் தொடரிலும்தான். அந்தக் கதைகள் எதைச் சரியாகச் சொல்கின்றன, எங்கே நம்மை ஏமாற்றுகின்றன?

காதல் தோல்வி என்றால் பாட்டிலா?

"தேவதாஸ் மாதிரி ஆயிட்டான்" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். இந்தத் தேவதாஸ், சரத் சந்திர சட்டோபாத்யாய் வங்காளத்தில் எழுதி 1917-இல் வெளிவந்த நாவலின் நாயகன். 1953-இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த படம் அவனைத் தமிழர் வீடுகளுக்கும் கொண்டுவந்தது. விரும்பிய பெண் கிடைக்கவில்லை, அவன் குடிக்கிறான், குடித்தே சாகிறான். நாம் அழுகிறோம். 1983-இல் வந்த சலங்கை ஒலியிலும், கைகூடாத கலையும் காதலும் ஒரு நடனக் கலைஞனைக் குடியில் கொண்டுபோய் விடுகின்றன.

இரண்டும் நல்ல படங்கள்தான். ஆனால் இப்படிப்பட்ட கதைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது ஒரு பாடம் மனசில் பதிந்துவிடுகிறது: ஆழமாக நேசித்தவன்தான் இப்படி அழிவான், அந்த அழிவிலும் ஓர் அழகு இருக்கிறது. அனுராக் காஷ்யப் 2009-இல் எடுத்த தேவ்.டி இந்தப் பாடத்தையே மாற்றியது. அதில் நாயகன் சாவதில்லை, பிழைத்து வாழத் தொடங்குகிறான்.

நம் நாட்டுக் கதை வேறு

மலாயாத் தோட்டங்களில் குடி ஒரு தனிமனிதனின் சோகமாக மட்டும் இருந்ததில்லை. லயத்துக்குப் பக்கத்திலேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை. உழைத்து வாங்கிய சம்பளத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். தொழிலாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு சேர்த்து, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். 1947-இல் கெடா, பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படையின் கள்ளு எதிர்ப்புப் போராட்டம் போலீசாருடன் மோதலில் போய் முடிந்தது.

அதே பீடோங்கில் பிறந்தவர் எழுத்தாளர் கே.எஸ். மணியம். 1981-இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய 'தி ரிட்டர்ன்' நாவலில் ஒரு தகப்பன் தன்னையே அழித்துக்கொள்கிறார். காரணம் குடி அல்ல. தனக்கென்று ஒரு துண்டு நிலம், ஒரு வீடு வேண்டும் என்ற வேட்கையும், அது கைக்கு வராமல் போனதும்தான்.

ஷான்ஜெய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த ஜகாட் தமிழ்ப் படத்தில், சிறுவன் அப்பாயின் சித்தப்பாக்களில் ஒருவர் போதைப் பழக்கத்தில் அடிபட்டவர், இன்னொருவர் குண்டர் கும்பலில் இருப்பவர். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு என்ன ஆனது என்ற கேள்வியை இந்தப் படம் நம் முன் வைக்கிறது. இந்த இரண்டு கதைகளும் "இவன் ஏன் இப்படி ஆனான்?" என்பதோடு நிற்காமல், "இவனைச் சுற்றி என்ன இருந்தது?" என்றும் கேட்கின்றன.

திரை எங்கே தவறு செய்கிறது?

முதல் தவறு, குடிகாரரைச் சிரிப்புக்கு மட்டும் பயன்படுத்துவது. தள்ளாடி விழுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். வீட்டில் பயந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் காட்சிக்கே வருவதில்லை.

இரண்டாவது தவறு ஆபத்தானது. நாயகன் பாட்டிலை உடைப்பான், அம்மாவுக்குச் சத்தியம் செய்வான், அடுத்த காட்சியில் சுத்தமாகத் திருந்தியிருப்பான். நிஜத்தில் பல வருஷமாக அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால், "ரூமில் போட்டுப் பூட்டினா சரியாயிடும்" என்று நினைக்காதீர்கள். மருத்துவர் பார்வையில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு.

மூன்றாவது, மீண்டும் வழுக்குவதைத் துரோகமாகக் காட்டுவது. விட்டவர் மறுபடி தொடுவது இந்த நோயில் அடிக்கடி நடப்பதுதான். சர்க்கரை வியாதி மறுபடி ஏறினால் மருந்தை மாற்றுகிறோமே தவிர, நோயாளியை வீட்டை விட்டு விரட்டுவதில்லை.

வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால்?

முதலில் அரசு கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். ஹெராயின் போன்ற போதைப்பொருளுக்கு மெத்தடோன் மாற்று மருந்துச் சிகிச்சை 2005 முதல் நம் நாட்டில் உண்டு. தாமாக முன்வந்து சிகிச்சை கேட்பவர்களுக்கு 1983-ஆம் ஆண்டின் போதைப் பழக்கச் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம் இடம் தருகிறது. தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே. அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

"செத்துடலாம் போல இருக்கு" என்று யாராவது சொன்னால், குடிபோதையில் உளறுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளர்ந்துவிடாது. தனியே விடாதீர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. எனவே, "போலீஸ் கேஸ் ஆகிடுமோ" என்று பயந்து உதவி கேட்காமல் இருக்க வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929, இங்கே 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.

அடுத்த முறை வீட்டோடு உட்கார்ந்து இப்படி ஒரு படம் பார்க்கும்போது, பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இவருக்கு யார், எப்போ உதவியிருக்கலாம்?" தேவதாஸ் கதையில் அந்த இடங்கள் நிறையவே உண்டு. நம் வீட்டுக் கதையிலும் இருக்கும்.