ராப்சன் கவுண்டியின் குடிகளும் அவர்தம் பெயர்களும்

ஒரு நிலப்பகுதியில் வாழும் மக்கள் இன்ன இன்ன இனத்தார், அவருள் இத்துணையர் என்று எண்ணிக் குறித்தல் எளிய காரியமாகவே பலர்க்கும் தோன்றும். வீடுதோறும் சென்று தலையை எண்ணினால் முடிந்தது என்பர். தலையை எண்ணுதல் எளிதே. எண்ணிய தலையை எந்தப் பெயரின் கீழ் எழுதுவது என்பதிலேதான் இடர் தோன்றுகின்றது. அப்பெயரை இடும் உரிமை எண்ணப்படுவோனுடையதா, எண்ண வந்த அதிகாரியுடையதா, சட்டசபையினுடையதா? குடிக்கணக்கில் எங்கள் பெயர் இவ்வாறு எழுதப்படல் வேண்டும் என்று விண்ணப்பம் விடுத்த சங்கங்கள் நம் நாட்டிற் பல இருந்தன. ஆதலின் இவ்வினாவின் கூர்மையை நம் அன்பர்கட்கு விரித்துரைத்தல் வேண்டா. ஈண்டு யாம் எடுத்துக்கொண்டது கடல்கடந்த ஒரு நாட்டுப்புறத்தின் வரலாறு.

ஐக்கிய அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாகாணத்தில், தென் எல்லையை ஒட்டி ராப்சன் என்னும் கவுண்டி உளது. கவுண்டியாவது நம் ஜில்லாவைப் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. 1787-ஆம் ஆண்டில் பிளேடன் கவுண்டியினின்றும் பிரித்து அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 950 சதுர மைல் பரப்பு, தலைநகர் லம்பர்ட்டன். சதுப்பும் பைன் காடும் மணற்பாங்கான விளைநிலமும் விரவிய நாட்டுப்புறம். புகையிலையும் பருத்தியும் அதன் பழைய விளைபொருள்கள். 2010-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் 1,34,168 பேர். அவருள் நூற்றுக்கு 38.4 பேர் அமெரிக்கப் பழங்குடியினர், 29 பேர் வெள்ளையர், 24.3 பேர் ஆப்பிரிக்க வழியினராகிய கருப்பர். ஸ்பானிய மொழி வழியினர் நூற்றுக்கு 8 பேர். இவர்களை அந்நாட்டார் இனமாக எண்ணாது தனியே எண்ணுவராகலின் இத்தொகை முன்னவற்றோடு விரவி நிற்கும். எவ்வினமும் பாதியை எட்டாத இத்தகைய நாட்டுப்புறம் அமெரிக்காவில் அரிது.

இம்மூவரும் அங்கு வந்து சேர்ந்தது எவ்வாறு? வெள்ளையருட் பலர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மலைநாட்டினின்றும் குடியேறியோரின் வழியினர். கேலிக் மொழி பேசிக்கொண்டு வந்தவர்கள். கருப்பர் அடிமைகளாகக் கொணரப்பட்டு, பைன் மரத்தினின்றும் தாரும் டர்ப்பன்டைனும் எடுக்கும் வேலையிலும் வயல் வேலையிலும் உழைத்தோரின் வழியினர். இவ்விரு சாராரின் வரவுக்கும் ஏடுகளிற் சான்று உண்டு. மூன்றாமவர்க்கே சான்று குறைவு. கீழ்க்கரையில் வாழ்ந்த சீரா முதலிய பல பழங்குடிகள் போராலும் பெரியம்மையாலும் அழிந்து சிறுத்த காலத்தில், எஞ்சியோர் இச்சதுப்புகளிற் புகல் தேடி ஒன்றுகூடினர் என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். இவர்கள் ஆங்கிலம் பேசினர், உழுது பயிரிட்டனர், கிறிஸ்தவ சமயம் தழுவினர். அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டவரும் அல்லர். ஒதுக்கிய நிலத்தில் இருத்தப்பட்டவரும் அல்லர். பழங்குடி என்றால் இறகு சூடி வில்லேந்தி வருவான் என்று எண்ணியிருந்த அதிகாரிகட்கு இவர்களை எங்கே எழுதுவதென்று விளங்கவில்லை. (இந்தியாவைத் தேடிப் போன கொலம்பஸ் செய்த பிழையால் அந்நாட்டுச் சட்டங்களில் இவர்கட்கு இந்தியர் என்றே பெயர், நமக்கும் அவர்க்கும் அவ்வொரு பிழையே உறவு.)

1790-ஆம் ஆண்டின் முதற் குடிக்கணக்கில் வெள்ளையர், அடிமைகள், ஏனைய சுதந்தரர் என்னும் பிரிவுகளே இருந்தன. இவர்கள் மூன்றாவதாகிய ஏனையோருள் அடக்கப்பட்டனர். 1835-இல் மாகாணத்தின் அரசியலமைப்பைத் திருத்தியபொழுது, வெள்ளையரல்லாத சுதந்தரர்க்கு அதுவரை இருந்த வாக்குரிமை பறிக்கப்பட்டது. பெயர் தெளியாமல் ‘ஏனையோர்’ ஆகக் கிடந்தவரும் அதனை இழந்தனர். உள்நாட்டுப் போரின்போது இவ்விளைஞர்களைப் பிடித்து வில்மிங்டன் அருகே ஃபிஷர் கோட்டை கட்டும் வேலைக்கு இழுத்துச் சென்றனர். மறுத்தோர் காடுகளில் ஒளிந்தனர். 1865 மார்ச்சில் ஊர்க்காவற்படையினர் ஆலன் லவுரி என்னும் முதியவரையும் அவர் மகன் ஒருவரையும் சுட்டுக் கொன்றனர். மற்றொரு மகனாகிய ஹென்ரி பெரி லவுரி ஒரு கூட்டம் சேர்த்துக்கொண்டு ஏழாண்டுகள் அரசினரை எதிர்த்து நின்றான். அவன் தலைக்கு 12,000 டாலர் விலை வைத்தும் பிடிக்க இயலவில்லை; 1872-இல் அவன் மறைந்த வகையும் இதுகாறும் துலங்கவில்லை. அவன் கூட்டத்தில் பழங்குடியினரோடு கருப்பரும் ஒரு வெள்ளையனும் இருந்தனர் என்பது கருதத்தக்கது. கணக்கேடு பிரித்தவரைக் காடு ஒன்றாக வைத்திருந்தது.

யாம் ஆசிரியத் தொழில் புரிவோம் ஆதலின், இதன் பின்னர் நிகழ்ந்த பள்ளி வரலாறே எம்மைப் பெரிதும் ஈர்த்தது. 1868-இல் வாக்குரிமை மீண்டது. ஆனால் 1875-இல் வெள்ளையர்க்கும் கருப்பர்க்கும் தனித்தனிப் பள்ளி என்று மாகாணம் விதி செய்தது. இவர்களை வெள்ளையர் பள்ளி ஏற்கவில்லை. கருப்பர் பள்ளிக்கு இவர்கள் செல்லவில்லை. பத்தாண்டுகள் குழந்தைகள் நடுவே நின்றனர். அப்பொழுது ஹாமில்டன் மக்மில்லன் என்னும் சட்டசபை உறுப்பினர் ஒரு கதையோடு முன்வந்தார். 1587-இல் ரோனோக் தீவிற் குடியேறி மறைந்துபோன ஆங்கிலேயர், மரத்தில் ‘குரோட்டன்’ என்னும் சொல்லைச் செதுக்கிவிட்டுச் சென்றனர் அன்றோ? அவர்களும் குரோட்டன் பழங்குடியினரும் கலந்த வழியினரே இம்மக்கள் என்றார் அவர். வரலாற்று ஆய்வில் இக்கூற்று நிலைபெறவில்லை. இவர்தம் வாக்குகளைக் குடியரசுக் கட்சியினின்றும் ஜனநாயகக் கட்சிக்குத் திருப்புதல் அவர் உட்கருத்து. எனினும் கதை பலித்தது. 1885-இல் சட்டசபை இவர்களைக் குரோட்டன் இந்தியர் என ஏற்றுத் தனிப்பள்ளி வழங்கியது.

1887-இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றும் கிடைத்தது. சட்டசபை அளித்த தொகை 500 டாலர். அதுவும் ஆசிரியர் சம்பளத்திற்கே. நிலமும் கட்டடமும் மக்கள் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஓராசிரியரும் 15 மாணவருமாகத் தொடங்கிய அப்பள்ளியே வளர்ந்து இன்று பெம்புரோக்கிலுள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. பொய்க்கதையின் பயனாக மெய்யான பள்ளி கிடைத்தது என்று மகிழலாம். ஆயின் அப்பள்ளியின் விலையையும் மறைத்தல் கூடாது. அதே 1887-இல் குரோட்டன் இந்தியரும் கருப்பரும் மணம்புரிதல் சட்டத்தால் விலக்கப்பட்டது. இன்ன குழந்தை பள்ளியிற் சேரத்தக்கது, இன்னது தகாதது என்று குடிவழியை ஆராயும் குழுக்கள் இம்மக்களுள்ளேயே ஏற்பட்டன. மேலோர் தம்மைத் தள்ளிய கோலையே கையில் வாங்கித் தமக்குக் கீழ் ஒரு கோடு கிழித்தனர். அவர்கட்கு வேறு வழி இல்லை என்பாரும் உளர். வழி இருந்ததோ இல்லையோ, கோட்டின் அப்புறம் நின்ற குழந்தைக்கு அது பெருந்தீங்கே.

குரோட்டன் என்னும் பெயர் நாளடைவில் ‘குரோ’ எனச் சுருங்கி, கருப்பரை ஒதுக்கும் சட்டங்கட்கு வழங்கிய ஏளனப் பெயரை நினைப்பூட்டும் வசைச்சொல் ஆயிற்று. ஆகவே 1911-இல் ராப்சன் கவுண்டி இந்தியர் என்றும், 1913-இல் ராப்சன் கவுண்டிச் செரோக்கி இந்தியர் என்றும் மாற்றினர். 1934-இல் பழங்குடியினர் நலச்சட்டம் ஒன்று வந்தது. இவர்களுள் பாதியளவேனும் இந்தியக் குருதி உடையார்க்கே அதன் பயன் எனப்பட்டது. குருதியைப் பாதி என அளப்பது எங்ஙனம்? 1936-இல் கார்ல் செல்ட்சர் என்னும் உடற்கூற்று ஆராய்ச்சியாளர் வந்து, மூக்கு, பல், மயிர், தோல் ஆகியவற்றை அளந்து நோக்கி 209 பேரைச் சோதித்து, 22 பேரே தக்கார் என்றார். உடன்பிறந்தாருள் ஒருவர் இந்தியர், ஒருவர் அல்லர் என்னும் முடிபும் அதன்கண் இருந்தது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளை இரண்டு இனமாக்கிய நூலறிவை என்னென்பது!

அந்நாட்களில் லம்பர்ட்டன் படக்கொட்டகையில் மூவர்க்கும் மூன்று இருக்கைப் பகுதிகள் இருந்தன. ஒதுக்கலை இரண்டாகப் பிரித்த தென்னாட்டில் மூன்றாகப் பிரித்த ஊர் இது. 1953-இல் மாகாணமும், 1956-இல் மத்திய சட்டமன்றமும் லம்பீ என்னும் புதுப்பெயரை ஏற்றன. லம்பர் ஆற்றை அடியாகக்கொண்டு பிறந்த பெயர் அது. ஆயினும் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பெயரைத் தந்து, பழங்குடியினர்க்குரிய சலுகைகளை விலக்கிற்று. 1958 ஜனவரி 18-ஆம் நாள் மாக்ஸ்டன் அருகே ஹேய்ஸ் குளக்கரையில் கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் இவர்களை அச்சுறுத்தக் கூடியபொழுது, சில நூறு லம்பீயர் துப்பாக்கியோடு சூழ்ந்து விளக்கைச் சுட்டணைத்து அவர்களை ஓட்டினர். பத்திரிகைகள் இதனை மிகவும் கொண்டாடின. எமக்கோ 1975-ஆம் ஆண்டு நீதிமன்றத் தீர்ப்பே பெரிதாகத் தோன்றுகின்றது. ஊர்ப் பள்ளிகட்குத் தனி வாரியம் வைத்திருந்த நகரவாசிகள், நாட்டுப்புறப் பள்ளி வாரியத்திற்கும் வாக்களித்து வந்தனர். அதனால் பழங்குடிக் குழந்தைகளும் கருப்பர் குழந்தைகளும் மிகுந்த பள்ளிகளை வெள்ளையரே ஆண்டனர். இவ்விரட்டை வாக்கை முறியடிக்கப் பழங்குடியினரும் கருப்பரும் சேர்ந்து உழைத்தனர், வென்றனர். முன்னர்க் கிழித்த கோடு சிறிது அழிந்தது.

1960-ஆம் ஆண்டு முதல் கணக்கெடுப்போர் முகம் பார்த்து இனம் எழுதும் வழக்கம் குறைந்து, மக்கள் தாமே எழுதும் முறை வந்தது. 2000 முதல் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களையும் குறிக்கலாம். பண்ணைகளிலும் இறைச்சித் தொழிலிலும் வேலை தேடி ஸ்பானிய மொழியினர் வந்தனர். நெசவு, காலணித் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 2016-இலும் 2018-இலும் புயல் வெள்ளம் லம்பர்ட்டனை அழித்தது. 2020-இல் குடித்தொகை 1,16,530 ஆகக் குறைந்தது. அவருள்ளும் ஒரு சாரார் தாம் லம்பீயர் அல்லர், டஸ்கரோரா மரபினர் என்று 1970-களிலிருந்தே வாதிட்டு வருகின்றனர்.

2025 டிசம்பரில் மத்திய அரசாங்கம் லம்பீயரை முழு உரிமையுடைய பழங்குடியாகச் சட்டத்தால் ஏற்றது. இக்குடியின் பட்டியலிற் சேர விரும்புவோர் தம் முன்னோரைப் பழம்பதிவுகளிற் காட்டல் வேண்டும். அப்பதிவுகளுள் முதன்மையானவை 1900, 1910 ஆகிய ஆண்டுகளின் குடிக்கணக்கேடுகள். அன்று கணக்கெடுக்க வந்தவர் தம் கண்ணிற்குப் பட்டவாறு எழுதிவிட்டுப் போனவை.