கொக்கி ஊசியின் வரலாறு



பூத்தையல் பழக விரும்பி இன்று கடைக்குச் செல்வோர், அங்குள்ள கருவிகளின் பெருக்கத்தைக் கண்டு மலைத்துப்போவர். வட்டச் சட்டங்கள், நூல் கோப்பதற்குத் துணைபுரியும் கம்பிகள், விரலுறைகள், உருப்பெருக்கிக் கண்ணாடிகள், பலவகைக் கொக்கி ஊசிகள் என அவை நீளும். இவை யாவும் தையற்கலைக்கு இன்றியமையாதனவா? ஒரு சிறு கருவியின் வரலாற்றை ஆராய்ந்தால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும். அக்கருவி, 'ஆரி' எனப்படும் கொக்கி ஊசி.

குஜராத்திலும் கச்சுப் பகுதியிலும் மோச்சி எனப்படும் தோல் தொழிலாளர் உளர். செருப்பும் சேணமும் தைக்க அவர்கள் கையாண்ட குத்தூசியே நாளடைவில் மெலிந்து, நுனியில் கொக்கி பெற்று, பட்டு நூலால் பூவேலை செய்யும் கருவியாயிற்று. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவர். ஒரு கை அடியில் நூலைப் பிடித்திருக்கும். மறு கை மேலிருந்து ஊசியைக் குத்தி, நூலைக் கண்ணியாக மேலே இழுக்கும். அக்கண்ணி ஊசியில் இருக்கும்போதே சற்றுத் தள்ளிக் குத்தினால், அதனூடே அடுத்த கண்ணி எழும். இதுவே சங்கிலித் தையல். 17ஆம் நூற்றாண்டில் இத்தகைய வேலைப்பாடமைந்த குஜராத்துத் திரைச்சீலைகள் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் இங்கிலாந்து சென்றன.

18ஆம் நூற்றாண்டில் கீழை நாட்டுக் கொக்கித் தையல் ஐரோப்பிய மாளிகைகளிலும் பரவிற்று. துணியை முரசின் தோல்போல விறைப்பாகக் கட்டியதால், பிரெஞ்சு மக்கள் அதனை 'தம்பூர்' என்றனர். அச்சொல்லுக்கு முரசு என்பது பொருள். பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் அவையில் செல்வாக்குற்றிருந்த பொம்பதூர் சீமாட்டியார் இச்சட்டத்தின்முன் அமர்ந்திருக்கும் ஓவியத்தைத் துருவே என்பார் 1764இல் முடித்தார். அது லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது.

இங்கு ஓர் உண்மையைக் கருதுதல் வேண்டும். இதே சங்கிலித் தையலைச் சாதாரண ஊசியாலும் இடலாம். அவ்வாறாயின் கொக்கி எதற்கு? ஊசியால் தைப்போர் நூலை முழ அளவில் நறுக்கி, தீருந்தோறும் மீண்டும் கோக்க வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் நூல் முழுவதையும் துணியினூடே இழுக்க வேண்டும். கொக்கிக்கோ உருண்டையிலிருந்து நூல் இடையறாது வரும். ஆகவே கொக்கி தந்தது விரைவு. புதிய அழகு அன்று. அதற்குக் குறையும் உண்டு. கடைசிக் கண்ணியை முடிச்சிட மறந்தால், ஓர் இழுப்பில் தையல் வரிசை முழுதும் பிரிந்துவிடும்.

விரைவின் விளைவு இத்துடன் நின்றதா? இல்லை. பிரெஞ்சுத் தையற்காரர் தீமோனியே, கொக்கி ஊசி கொண்டு சங்கிலித் தையலிடும் பொறியொன்றை அமைத்து 1830இல் காப்புரிமை பெற்றார். பாரிசில் அத்தகைய பொறிகள் படைவீரரின் உடைகளைத் தைக்கலாயின. பிழைப்புப் போய்விடுமென அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் அப்பட்டறைக்குள் புகுந்து பொறிகளை உடைத்தெறிந்தனர். தீமோனியே 1857இல் வறுமையில் மறைந்தார். தையற்பொறியோ உலகெங்கும் பரவிற்று. கருவியைக் குறித்த வழக்கு, உண்மையில் கூலியைக் குறித்த வழக்கே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இனி, கருவி மிகுந்தால்தான் கலை சிறக்கும் என்பாரை நீலகிரிக்கு அழைத்துச் செல்வோம். அங்கே தோதவப் பெண்டிர் வெண்ணிறப் பருத்திப் போர்வையில் சிவப்பும் கறுப்புமான நூலால் பூவேலை செய்கின்றனர். அவர்களுக்குச் சட்டம் இல்லை. துணிமீது வரைந்த கோடும் இல்லை. இழைகளை எண்ணியே ஊசியைச் செலுத்துவர். ஆயினும் அவ்வடிவங்களின் ஒழுங்கு வியக்கத்தக்கது. அவ்வேலைப்பாடு 2013இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஆகவே விடை தெளிவாகிறது. இன்று தமிழ்நாட்டில் இரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து பொருளீட்டும் பெண்கள் பலர். ஓர் இரவிக்கைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுவோர்க்கு விரைவே ஊதியம். கொக்கியும் சட்டமும் அவர்க்குத் தேவையே. புதிதாய்ப் பழகுவோர்க்கோ ஊசியும் நூலும் துணியும் போதும். செய்யும் வேலை ஒரு கருவியைக் கேட்கும்போது அதனை வாங்குங்கள். அதுவரை கண்ணுக்கும் விரலுக்கும் பயிற்சி கொடுங்கள். அவ்விரண்டும் எக்கடையிலும் விலைக்குக் கிடைப்பன அல்ல.