பாலத்துப் பல் வைத்தியரும் கைப்பேசிப் பல் வைத்தியரும்

பாரிஸில் சேன் நதியின் குறுக்கே 'போன் நெஃப்' என்றொரு பாலம் உண்டு. பெயருக்குப் பொருள் புதுப் பாலம். ஆனால் அங்கே இன்று நிற்கும் பாலங்களில் அதுதான் மிகப் பழையது. 18-ஆம் நூற்றாண்டில் பல்வலிக்காரர்கள் பலர் அந்தப் பாலத்துக்குத்தான் போவார்கள். 'பெரிய தொமா' என்று பெயர் பெற்ற ஒருவர் இறகு வைத்த தொப்பியோடு நின்று, கூட்டம் கூட்டிப் பல் பிடுங்குவார். 1729-இல் பட்டத்து இளவரசர் பிறந்தபோது இலவசமாகவே பிடுங்குவதாக அறிவித்தார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் பியேர் ஃபோஷார் தமது பல் மருத்துவ நூலை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அதன் சில பகுதிகளை மூலத்திலேயே வாசித்தேன். பல்லைப் புழு அரிக்கிறது என்று ஊரே நம்பிய காலத்தில், நுண்ணோக்கி வைத்துத் தேடியும் புழுவைக் காணவில்லை என்று எழுதியவர் அவர்.

பாலத்து வித்தைக்காரர்களின் தந்திரத்தையும் அவர் வெளிப்படுத்தினார். கூட்டத்தில் ஒருவனுக்கு முன்பே காசு கொடுத்துவிடுவார்களாம். மெல்லிய சவ்வில் ஒரு பல்லையும் கோழி இரத்தத்தையும் பொதிந்து கையில் மறைத்து, அவன் வாய்க்குள் வைத்துவிடுவார்கள். அவன் இரத்தத்தோடு பல்லைத் துப்புவான். வலியே இல்லை என்பான். மற்றவர்கள் அதை நம்பி வாயைத் திறப்பார்கள்.

இன்று நம் பிள்ளைகள் பேரக்குழந்தைகளுக்குப் பல் மருத்துவரை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் தேடுகிறார்கள். அதில் தவறில்லை. அழுகிற குழந்தையிடம் யார் பொறுமையாக இருக்கிறார், எவ்வளவு செலவாகும் என்பதை இன்னொரு தாய்தான் சரியாகச் சொல்வாள். நாமும் அக்கம்பக்கத்தில் கேட்டுத்தானே போனோம்? ஆனால் சிரிக்கும் குழந்தையின் படத்துக்குப் பின்னால் காசு கைமாறியதா என்பது நமக்குத் தெரியாது. அதனால் முறைப்படி பதிவு பெற்றவரா, குழந்தைப் பல் மருத்துவத்தில் மேல்படிப்பு உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

"பால் பல்தானே, விழுந்துவிடும்" என்ற யோசனையும் இப்போது கைப்பேசியில் சுற்றுகிறது. பால் பற்கள் 20. கடைசிப் பல் விழ ஏறக்குறைய 12 வயதாகும். அதுவரை நிலையான பல்லுக்கு இடம் காத்து வைப்பவை அவையே. 6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால், அதையும் பால் பல் என்று விட்டுவிடுகிறார்கள். அது சொத்தையானால் மறுபல் கிடையாது.

முதல் பிறந்தநாளுக்குள் குழந்தையை ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பதே இன்றைய மருத்துவர்களின் அறிவுரை. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் குழுவில் கேள்வி போட்டுக் காத்திருக்கக் கூடாது. நம் ஊரில் கோரிமேட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவும் உண்டு. வீட்டில் சிறியவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.