கடல்மேல் போட்ட கோடு

1939-இல் ரேமண்ட் ஃபெர்த் என்ற மானுடவியலாளர் தம் மனைவி ரோஸ்மேரியோடு கிளந்தானில் உள்ள பெருப்போக் என்னும் மீனவக் கம்பத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவர் கண்ட ஒரு வேலையை இன்று கேட்டால் நம்பக் கடினமாக இருக்கும். மலாய் மீனவர்கள் தென்னங்கீற்றுகளைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் நிறுத்திவைப்பார்கள். அந்த நிழலுக்கு மீன் கூடும். பிறகு கூட்டத்தின் தலைவர் படகைப் பிடித்துக்கொண்டு நீரில் இறங்கி, தலையை மூழ்கவைத்துக் காது கொடுப்பார். என்ன மீன், எவ்வளவு என்று சத்தத்தை வைத்தே கணித்துவிடுவார். அவருக்கு ‘ஜுரு செலாம்’ என்று பெயர். அவர் ‘இருக்கு’ என்று சொன்னால்தான் வலை இறங்கும்.

இதைக் கேட்டதும் ‘அந்தக் காலத்து மனுஷன் இயற்கையோடு ஒட்டி வாழ்ந்தான்’ என்று ஆரம்பித்துவிட வேண்டாம். ஃபெர்த் 1946-இல் வெளியிட்ட நூல் மீனவரின் முதலீட்டையும் கடனையும் பங்கு பிரிப்பதையும் பற்றியது. பெருப்போக்கிலும் கடன் இருந்தது, வியாபாரியோடு பேரம் இருந்தது. கூடுதலாகப் பிடிக்க முடிந்திருந்தால் பிடித்திருப்பார்கள். முடியவில்லை, அவ்வளவுதான். பாய்மரமும் துடுப்பும் போகும் தூரம் குறைவு. ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் கிழக்குக்கரைக் கடல் மூடிக்கொள்ளும். மனிதனின் கை எட்டாத இடமும் காலமும் மீனுக்குப் பாதுகாப்பாக இருந்தன.

எஞ்சின் வந்ததும் அந்த எல்லை உடைந்தது. உடைந்த இடத்தில் மனிதர்கள் வேறு என்ன எல்லையை வைத்தார்கள் என்பதுதான் நம் கடலின் கடந்த அறுபது ஆண்டுக் கதை.

காலனி அரசுக்கு மீன் என்பது தொழிலாளியின் சோற்றோடு சேர்ந்த விஷயம். ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் வந்தவர்களுக்கு மலிவான உணவு வேண்டும். தோட்டத்து லயங்களில் மணந்த கருவாட்டுக் குழம்புக்குப் பின்னால் பெரிய கடல் வணிகமே இருந்தது. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில் சீனக் குடியேறிகள் உருவாக்கிய பாகான் சியாப்பியாப்பி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. அங்கிருந்து கருவாடும் பிலாச்சானும் சிங்கப்பூருக்கும் ஜாவாவுக்கும் போயின. 1923-இல் டேவிட் ஸ்டெட் என்ற ஆஸ்திரேலியர் பிரிட்டிஷ் மலாயாவின் மீன்பிடித் தொழில் பற்றி விரிவான அறிக்கை கொடுத்தார். அதை எப்படி வளர்ப்பது என்பதுதான் அன்று அரசுக்கு இருந்த கேள்வி. கடலில் மீன் குறையும் என்ற கவலைக்கு அப்போது அதிக இடமில்லை.

1960-களின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தொழில்நுட்ப உதவியோடு தாய்லாந்து வளைகுடாவில் இழுவை வலை பரவியது. மலாயில் இதற்கு ‘புக்காட் துண்டா’ என்று பெயர். இரண்டு கனமான பலகைகள் வலையின் வாயை விரித்துப் பிடிக்கும். எஞ்சின் படகு இழுக்க இழுக்க, கடலடியில் இருப்பதையெல்லாம் வலை அள்ளிக்கொண்டு வரும். ஆரம்பத்தில் ஆய்வுக் கப்பல் ஒரு மணி நேரம் இழுத்தால் சுமார் 300 கிலோ கிடைத்தது. 1980-களில் அதே ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்தது சுமார் 50 கிலோ. இருபதே ஆண்டுதான் ஆனது.

அறுபதுகளின் நடுவில் இந்த வலை பினாங்கு, பேராக் கரைகளுக்கு வந்தது. ஆழ்கடலுக்குப் போய் இழுத்திருந்தால் சண்டை இவ்வளவு முற்றியிருக்காது. ஆனால் நல்ல விலை போனது இறால். இறால் இருப்பது கரையோரச் சேற்றில், பாக்காவ் மரங்கள் நிற்கும் சதுப்புநிலக் காட்டுக்கு எதிரே. சிறு மீனவன் தன் வலையை விரித்துவைப்பதும் அதே இடத்தில்தான். இரவில் வரும் இழுவைப் படகு அவன் வலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். வலை போனால் பல மாத வருமானம் போனது என்று அர்த்தம். கடலிலேயே மோதிக்கொண்டார்கள். படகுகள் எரிந்தன, மூழ்கின. எழுபதுகளின் நடுப்பகுதிக்குள் 30-க்கும் மேற்பட்ட மீனவர்கள் உயிரிழந்தார்கள்.

இதை இனச் சண்டையாகப் படித்தவர்கள் உண்டு. இழுவைப் படகு முதலாளிகளில் பலர் சீனர்கள், கரையோர மீனவர்களில் பலர் மலாய்க்காரர்கள் என்பது உண்மைதான். ஆனால் சிறு வலை வைத்திருந்த சீனர்களும் அதே படகுகளால் நஷ்டப்பட்டார்கள். புதிய பொருளாதாரக் கொள்கைக் காலத்தில் அரசு 1971-இல் ‘மாஜூயிக்கான்’ என்ற வாரியத்தை அமைத்தது. மலாய் மீனவர்களுக்கும் நவீனப் படகு கிடைத்தால் பிரச்சினை தீரும் என்ற எண்ணம் அன்றைய கொள்கையில் இருந்தது. முதலாளி மாறியதெல்லாம் கடலடியில் இழுபடும் வலைக்குத் தெரியுமா?

நீரிணையின் இரு கரைகளும் இதற்கு வெவ்வேறு தீர்வுகளைக் கண்டன. இந்தோனேசியாவில் 1980-இல் அதிபர் சுகார்த்தோ இழுவை வலைக்கே தடை விதித்தார். முதலில் ஜாவா, சுமத்ரா, பாலி கடல்களில் அது அமலுக்கு வந்தது. மலேசியா தடை செய்யவில்லை, கோடு போட்டது. 1980-களின் தொடக்கத்தில் வந்த உரிம முறைப்படி கரையிலிருந்து 5 கடல் மைல்வரை பாரம்பரிய மீனவர்களுக்கு மட்டும். 5 முதல் 12 மைல்வரை 40 டன்னுக்குக் குறைந்த இழுவைப் படகுகளுக்கு. அதைவிடப் பெரியவை 12 மைலுக்கு அப்பால், 70 டன்னும் அதற்கு மேலும் உள்ளவை 30 மைலுக்கு அப்பால். இத்தனை ரத்தத்துக்குப் பிறகு, ‘இது உங்கள் இடம்’ என்று சிறு மீனவனுக்குச் சட்டம் சொன்னது பெரிய விஷயம்தான்.

ஆனால் கோடு தண்ணீரில் தெரியாது. இரவில் இழுவைப் படகு உள்ளே வந்தால் பார்க்க யார் இருக்கிறார்கள்? வலைப்பையின் கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று விதி உண்டு. விதி அப்படி, வலை வேறு மாதிரி. அதில் மாட்டும் குஞ்சுகளுக்கு நம் துறைமுகங்களில் ஒரு பெயர் இருக்கிறது: ‘இக்கான் பாஜா’, உர மீன். வளர்ந்திருந்தால் பாசாரில் நல்ல விலைக்குப் போகக்கூடிய இனங்களின் குஞ்சுகளும் இந்தக் குவியலில் கிடக்கும். அவை அரைபட்டுத் தீவனமாகும். புள்ளிவிவரத்தில் அதுவும் ‘உற்பத்தி’தான். எத்தனை டன் இறங்கியது என்பதை மட்டும் பார்க்கும் கணக்கில், நாளைக்குப் பிடித்திருக்க வேண்டிய மீனும் இன்றைய லாபமாக எழுதப்படுகிறது.

கோட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்கவும் முயன்றார்கள். 1970-களில் பழைய டயர்களைக் கட்டிக் கடலடியில் போட்டு மீன்களுக்குச் செயற்கைப் பாறை அமைக்கத் தொடங்கிய மீன்வளத்துறை, பின்னாளில் கனமான கான்கிரீட் பாறைகளை இறக்கியது. மீனுக்கு வீடாச்சு, இழுவை வலை மாட்டினால் கிழிந்தும் போகும்.

அடுத்த அடி கரையிலிருந்து வந்தது. எழுபதுகளில் பிறை தொழிற்பேட்டையின் கழிவு கலந்து ஜூரு ஆறு கெட்டது, கோலா ஜூரு மீனவர்களின் பிழைப்பும் கெட்டது. எந்த உரிம முறையும் தொழிற்சாலைக் குழாய்க்குப் பொருந்தாது. அவர்களுக்காகப் பேசிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நீண்ட காலம் வழிநடத்தியவர், தமிழ்நாட்டில் பிறந்து பினாங்குக்கு வந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ். 1994-இல் உருவான பினாங்கு கரையோர மீனவர் நல சங்கத்தினர் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து தங்கள் கையாலேயே சதுப்புநில மரங்களை நட்டு வருகிறார்கள். மீன்குஞ்சு வளரும் இடம் காடு என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது அந்த 5 மைலுக்குள்ளேயே நிலம் எழும்புகிறது. பினாங்குத் தீவின் தெற்கே சுமார் 4,500 ஏக்கரில் மூன்று செயற்கைத் தீவுகள் என்று தொடங்கிய திட்டம், மீனவர்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 2023-இல் ஒரு தீவாகச் சுருங்கியது. அதே ஆண்டு கடலைத் தூர்க்கும் வேலையும் ஆரம்பித்தது. 1980-களில் போட்ட கோடு, எந்தப் படகு எங்கே வரலாம் என்று மட்டுமே சொன்னது. அந்தக் கடல் கடலாகவே இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையைச் சிறு மீனவனுக்கு அது கொடுக்கவில்லை. அவனிடம் இருப்பது ஓர் உரிமம், ஒரு படகு, நஷ்ட ஈட்டுப் பாரம்.

ஒரு மலேசியர் ஆண்டுக்கு 50 கிலோவுக்கும் மேல் மீன் சாப்பிடுகிறார். பாசாரில் ‘கெம்போங் என்னா வெல?’ என்று கேட்டுவிட்டு, ‘இவ்ளோவா!’ என்று முகம் சுளிக்கிறோம். அந்த விலைக்குள்ளே உர மீனாக அரைபட்ட குஞ்சுகளும் உண்டு, சேற்றோடு போன காடும் உண்டு. ஜுரு செலாமின் காது எட்டியவரைதான் அன்று வலையும் எட்டியது. இன்று வலை எல்லா இடத்துக்கும் எட்டுகிறது. எங்கே நிறுத்துவது என்பதைக் கரையில் இருக்கும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முதலில், அந்த 5 மைல் படகுக்கு மட்டும் போட்ட கோடா, கரைக்கும் சேர்த்துப் போட்ட கோடா என்பதைச் சட்டம் சொல்லியாக வேண்டும்.